பழைய டிவி கேம் பெட்டியும் அதன் மதிப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை



பரிசளிப்பு விழா மலர் என்றால் தமிழின் பெருமை, கல்வியின் சிறப்பு, தோட்டத்தின் வரலாறு என்று எழுதுவது வழக்கம். இவ்வாண்டு நான் டிவி கேம் பெட்டிகளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "பள்ளிக்கூட மலரில் டிவி கேமா? இருக்கிற விளையாட்டுப் பைத்தியம் போதாதா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்தருள வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தில் என்னுடைய தவறும் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விட்ட நேரத்தில் ஒரு தாயார் கையில் பெரிய பிளாஸ்டிக் பையோடு என்னைப் பார்க்க வந்தார். தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டிக்கொண்டிருந்த அவருடைய கணவர் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. பைக்குள் அட்டைப் பெட்டியோடு ஒரு பழைய டிவி கேம். சிவப்பும் வெள்ளையுமான நிறம். கப்பலில் வேலை பார்த்த மூத்தார் ஜப்பானிலிருந்து தம்பிக்காகக் கொண்டு வந்து கொடுத்ததாம். "சார், டவுன்ல ஒரு கடையில இத இருபது வெள்ளிக்குக் கேக்கறாங்க. கொடுத்துடலாமா?" என்று கேட்டார்.

நான் பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தேன். கைப்பிடியிலே இரண்டு சதுரமான ரப்பர் பொத்தான்கள். "நாப்பது வருசத்துச் சாமான். குப்பைதானே அக்கா? கிடைக்கிற வரைக்கும் லாபம், கொடுத்துடுங்க" என்றேன். அவரும் என் பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சதுரப் பொத்தான் என்ன என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதை இக்கட்டுரையின் நடுவில் சொல்கிறேன். படித்தவன் என்று நம்பிக் கேட்ட ஒருவருக்கு, தெரியாத விஷயத்தில் தெரிந்தவன் போல் பதில் சொன்னேன். அந்தக் கடனை அடைக்கவே இதை எழுதுகிறேன்.

தோன்றிய கதை

வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடலாம் என்ற எண்ணத்தைச் செயலாக்கியவர் ரால்ஃப் பேயர். 1922-இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1938-இல் குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1966-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பஸ் நிலையத்தில் காத்திருந்த வேளையில் அவருக்கு இந்த யோசனை உதித்தது. மறுநாளே நான்கு பக்கத்தில் எழுதி வைத்தார். இரண்டாண்டு உழைப்பில் உருவான மாதிரிப் பெட்டிக்கு மரநிறத் தாள் ஒட்டியிருந்ததால் 'பழுப்புப் பெட்டி' என்றே பெயர் வந்தது.

அதன் வழியில் 1972-இல் விற்பனைக்கு வந்ததுதான் மேக்னவாக்ஸ் நிறுவனத்தின் 'ஒடிசி'. உலகின் முதல் வீட்டு டிவி கேம் பெட்டி இதுவே. விலை சுமார் 100 அமெரிக்க டாலர். இதற்குச் சத்தம் கிடையாது, வண்ணம் கிடையாது. திரையில் சில வெள்ளைப் புள்ளிகள் மட்டும் அசையும். அதனால் மைதானம், வீடு என்று படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாள்களைத் தொலைக்காட்சிக் கண்ணாடியின் மேல் ஒட்டி விளையாட வேண்டும். பெட்டிக்குள் பகடை, சீட்டுக்கட்டு, விளையாட்டுக் காகிதப் பணம் ஆகியவையும் இருந்தன. ஏறத்தாழ 3 இலட்சத்து 50 ஆயிரம் பெட்டிகள் விற்றன.

மாணவர்களே, இந்தத் தாளையும் பகடையையும் நினைவில் வையுங்கள். அன்று விளையாடி முடித்ததும் பிள்ளைகள் தூக்கி எறிந்தவை அவை. இன்று ஒருவரிடம் ஒடிசி பெட்டி இருந்தால், வாங்க வருபவர் முதலில் கேட்பதே "தாளெல்லாம் இருக்கிறதா?" என்றுதான். அவை இல்லையென்றால் விலை இறங்கிவிடும்.

அதே 1972-இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இருவர் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய 'பாங்' என்ற பந்தடி விளையாட்டு கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரமாக வந்து, 1975-இல் வீட்டுக்கும் வந்தது. 1976-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் 'சேனல் எஃப்' வெளிவந்தது. நினைவகச் சில்லு அடங்கிய கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு வெவ்வேறு விளையாட்டு ஆடும் முறை இதில்தான் முதன்முதலில் வந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லாசன் என்ற கறுப்பின அமெரிக்கப் பொறியாளர். ஒரு பெட்டி வாங்கிவிட்டு, பிறகு கேசட்டாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் அங்கிருந்தே பிறந்தது. கைமாற்று வாணிகத்திற்கும் அதுவே வித்து என்றால் மிகையாகாது.

அட்டாரியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1977-இல் அட்டாரியின் பெட்டி வந்தது. பிற்காலத்தில் 'அட்டாரி 2600' என்று பெயர் பெற்றது இதுவே. மொத்தத்தில் சுமார் 30 மில்லியன் விற்றதாகக் கணக்கு. எனவே அட்டாரி என்ற பெயரைக் கண்டதும் "அரிய பொருள்" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆனால் முதலாண்டில் கலிபோர்னியாவில் செய்தவற்றில் ஆறு சுவிட்சுகளும் கனத்த அடிப்பாகமும் இருக்கும். அடுத்த ஆண்டுகளில் ஹாங்காங்கில் செய்தவற்றில் அடிப்பாகம் மெலிந்தது. 1980-இல் வந்ததில் முன்பக்கச் சுவிட்சுகள் நான்காகக் குறைந்தன. விளையாட்டு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனாலும் சேகரிப்பவர்கள் முதலாண்டுக் கனத்த பெட்டிக்கே கூடுதல் விலை தருகிறார்கள்.

வளர்ந்த வேகத்தில் பேராசையும் வளர்ந்தது. 1982-இல் 'ஈ.டி.' என்ற புகழ்பெற்ற திரைப்படத்தை ஒட்டி ஒரு விளையாட்டை ஐந்தே வாரத்தில் செய்து முடிக்கச் சொன்னார்கள். அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமாக வந்தது அது. இலட்சக்கணக்கான கேசட்டுகள் விற்காமல் தேங்கின. 1983-இல் மட்டும் அட்டாரிக்கு 500 மில்லியன் டாலருக்கு மேல் நட்டம். அமெரிக்க டிவி கேம் சந்தையே சரிந்து விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில், விற்காத சரக்கை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ என்ற ஊரிலுள்ள குப்பை மேட்டில் லோரி லோரியாகக் கொட்டிப் புதைத்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2014 ஏப்ரலில் அந்தக் குப்பை மேட்டைத் தோண்டினார்கள். 1,300 கேசட்டுகள் அளவில் வெளியே வந்தன. நசுங்கியும் நாற்றமடித்தும் கிடந்த அவற்றில் 881-ஐ அந்நகர நிர்வாகம் ஏலத்தில் விட்டது. கிடைத்த தொகை 1 இலட்சத்து 7 ஆயிரம் டாலருக்கு மேல்! புதியதாக இருந்தபோது இலவசமாகக் கொடுத்தாலும் ஆள் இல்லாத பொருளை, குப்பையானபின் போட்டி போட்டு வாங்கினார்கள். ஏன்? விளையாட்டுக்காகவா? இல்லை. ஒரு வரலாற்று நிகழ்ச்சியின் சாட்சி என்பதற்காக. பொருளுக்கு மதிப்பைக் கொடுப்பது பொருள் மட்டுமன்று, அதன் கதையும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சதுரப் பொத்தானின் இரகசியம்

அமெரிக்கச் சந்தை சரிந்துகொண்டிருந்த அதே 1983-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' பெட்டியை வெளியிட்டது. விலை 14,800 யென். 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. சிவப்பும் வெள்ளையுமான இந்தப் பெட்டிதான் சரிந்த தொழிலைத் தூக்கி நிறுத்தியது. 1985-இல் 'என்.இ.எஸ்.' என்ற பெயரில் அமெரிக்காவுக்கும் போனது. உலகமெங்கும் சுமார் 62 மில்லியன் பெட்டிகள் விற்றன.

ஆனால் தொடக்கத்தில் வந்த ஃபேமிகாம் பெட்டிகளில் கோளாறு இருந்தது. உள்ளே சில்லில் பழுது. வெளியே கைப்பிடியிலிருந்த சதுர ரப்பர் பொத்தான்கள் அமுங்கினால் மாட்டிக்கொண்டன. நிறுவனம் பழுதான பெட்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. பிறகு வந்தவற்றில் பொத்தான்கள் வட்டமான பிளாஸ்டிக் ஆயின. அதனால் சதுரப் பொத்தான் உள்ள பெட்டி என்றால் அது தொடக்கக் காலத்தது என்று பொருள். 62 மில்லியனில் மிகச் சிறிய பங்கு. சேகரிப்பவர்கள் தனியாகத் தேடி வாங்கும் வகை. அதுவும் அட்டைப் பெட்டியோடு கிடைத்தால் சொல்ல வேண்டியதில்லை.

நான் "குப்பை" என்று சொன்னது அதைத்தான்.

நம் வீடுகளில் இருந்தது எது?

இதைப் படித்துவிட்டு எல்லாரும் பரணில் ஏறித் தேடத் தொடங்குவீர்கள். நல்லதுதான். ஆனால் நம் தோட்டத்து லயங்களிலும் தாமான் வீடுகளிலும் 1990-களில் ஓடியது பெரும்பாலும் அசல் ஃபேமிகாம் அன்று. தைவானிலிருந்து வந்த 'மைக்ரோ ஜீனியஸ்' போன்ற ஒத்த பெட்டிகளே. அதே கேசட்டு அதில் ஓடும், விலை குறைவு. உருசிய நாட்டில் இதே வகைப் பெட்டி 1992 முதல் 'டென்டி' என்ற பெயரில் வீடு வீடாகப் புகுந்தது.

அந்நாளில் ஒரு வீட்டில் வாங்கினால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அஞ்சடியில் வரிசை பிடித்து நிற்பார்கள். "அடுத்தது நாந்தான்டா!" என்று சண்டை நடக்கும். கேசட்டு மேலே 'நூறு விளையாட்டு' என்று போட்டிருக்கும். உள்ளே பத்துதான் இருக்கும், அதையே பெயர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பான். அதற்கெல்லாம் கோபப்பட்டோமா? இல்லையே!

இத்தகைய ஒத்த பெட்டிகளுக்குப் பொதுவாக அசலுக்கு உள்ள விலை கிடையாது. எனினும் அதோடு வளர்ந்தவர்கள் வாழும் நாட்டில் அதற்கும் தேடுவோர் உண்டு. மதிப்பு ஊருக்கு ஊர் மாறும். இதையும் அறிய வேண்டும்.

மதிப்பை அறிவது எப்படி?

இனி காரியத்துக்கு வருவோம். பழைய பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் விற்பதற்கோ மாற்றிக்கொள்வதற்கோ முன்னால் ஆறு கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, இது எத்தனை செய்யப்பட்டது? பழையது எல்லாம் அரியது அன்று. 2000-இல் வந்த பிளேஸ்டேசன் 2 உலகெங்கும் 155 மில்லியனுக்கு மேல் விற்றது. மாறாக, நின்டெண்டோ 1995-இல் வெளியிட்ட 'வர்ச்சுவல் பாய்' படுதோல்வி அடைந்து ஓராண்டுக்குள் நிறுத்தப்பட்டது. 8 இலட்சம்கூட விற்கவில்லை. அன்று தோற்றது என்பதாலேயே இன்று அதைத் தேடுகிறார்கள். 1990-இல் அமெரிக்காவில் நடந்த நின்டெண்டோ போட்டியை ஒட்டி 90 சாம்பல் நிறக் கேசட்டுகளும் 26 தங்க நிறக் கேசட்டுகளும் மட்டுமே கொடுக்கப்பட்டன. அவை இன்று ஆயிரமாயிரம் டாலர் பெறும்.

இரண்டாவது, முழுமையாக இருக்கிறதா? வெறும் பெட்டி ஒரு விலை. கைப்பிடி, வயர், விளக்கப் புத்தகம், அட்டைப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் வேறு விலை. பிரிக்காமல் இருந்தால் அது தனி விலை. பல நேரங்களில் உள்ளிருக்கும் கேசட்டைவிட அட்டைப் பெட்டிதான் அரிதாக இருக்கும். பிள்ளைகள் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தானே!

மூன்றாவது, எந்த நிலையில் இருக்கிறது? பழைய பிளாஸ்டிக் வெயில் பட்டும் நாள்பட்டும் மஞ்சளாகும். தீப்பிடிக்காமலிருக்க அதில் கலந்த புரோமின் மருந்தும் அதற்குக் காரணம். சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெளுக்க வைப்பார்கள். வெளுக்கும், ஆனால் மீண்டும் மஞ்சளாகலாம், திட்டுத்திட்டாகவும் போகலாம். ஆகவே விற்பதற்கு முன்னால் நீங்களாக எதையும் பூசாதீர்கள். பாட்டரி போடும் இடத்தைத் திறந்து பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டரியை உள்ளேயே விட்டு மறந்துபோனால் அது கசிந்து உலோகத்தைத் தின்றுவிடும்.

நான்காவது, வேலை செய்கிறதா? இங்கே பெரிய எச்சரிக்கை ஒன்று. ஜப்பானிய மின்சாரம் 100 வோல்ட்; நம்முடையது 230 முதல் 240. அந்த நாட்டு அடாப்டரை நம் சுவரில் நேராகச் சொருகினால் புகைந்துபோகும். நாற்பது ஆண்டு பத்திரமாக இருந்த பொருளை ஒரு நொடியில் கொன்றவர்கள் உண்டு. தொலைக்காட்சி முறையும் ஜப்பானில் வேறு, நமக்கு வேறு. 'டக் ஹண்ட்' போன்ற துப்பாக்கி விளையாட்டுகள் பழைய கனத்த குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே வேலை செய்யும். கேசட்டு ஓடவில்லையென்றால் நாமெல்லாம் வாயால் ஊதுவோமே, அதையும் விடுங்கள். எச்சில் ஈரம் உலோகத்தைக் கெடுக்கும். பஞ்சில் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்லத் துடைப்பதே முறை. ஓடாத பெட்டியும் வீண் அன்று. உறுப்புகளுக்காக வாங்குவோர் இருக்கிறார்கள். ஆனால் பழுது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாவது, அசலா, போலியா? கேம் பாய் கேசட்டுகளில், குறிப்பாகப் போக்கெமான் வகையில், போலிகள் மலிந்து கிடக்கின்றன. அசலில் ஒட்டுத்தாள் அச்சு தெளிவாக இருக்கும். உள்ளே பலகையில் நின்டெண்டோ பெயர் பொறித்திருக்கும். மூடியிருக்கும் திருகாணியும் சாதாரணத் திருப்புளிக்கு மசியாத தனி வகை. விலை மிக மலிவாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

ஆறாவது, இப்பொழுது யார் தேடுகிறார்கள்? சிறு வயதில் ஆசைப்பட்டு வாங்க முடியாதவர்கள், வளர்ந்து சம்பாதித்தபின் அதே பொருளைத் தேடுவார்கள். அதனால்தான் இருபது, முப்பது ஆண்டு கழித்து விலை ஏறுகிறது. அந்தத் தலைமுறைக்கு ஆசை அடங்கினால் விலை இறங்கவும் கூடும்.

கேட்கும் விலையும் கிடைத்த விலையும்

2021 ஜூலையில் பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' கேசட்டு ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு "என்கிட்டயும் அது இருக்கு!" என்று கனவு காணக்கூடாது. அந்த விளையாட்டு ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஏலத்தில் போனது உறை பிரியாமல், கீறல்கூட இல்லாமல், மதிப்பீட்டாளர்கள் மிக உயர்ந்த புள்ளி கொடுத்த ஒன்று. பிரித்து ஆடிய கேசட்டுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அதுபோலவே இணையச் சந்தையில் ஒருவர் ஆயிரம் வெள்ளி என்று போட்டிருப்பார். அது அவர் கேட்கிற விலை. வாயிருந்தால் யாரும் கேட்கலாம். இ-பே போன்ற இடங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டும் வசதி உண்டு. உங்கள் பெட்டியைப் போன்ற நிலையிலுள்ள ஐந்தாறு பெட்டிகள் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று பாருங்கள். அதுதான் சந்தை விலை. அந்தத் தளத்தைப் பார்க்கத் தெரியாத பெற்றோர் கூச்சப்படாமல் பிள்ளைகளைக் கேளுங்கள். இதில் அவர்கள்தாம் நமக்கு வாத்தியார்.

கடைக்காரர் சந்தை விலையைவிடக் குறைத்துத்தான் கேட்பார். வாடகை, கூலி, பழுது பார்க்கும் செலவு அவருக்கு உண்டு, அது நியாயமே. காசாக வாங்காமல் வேறு சரக்காக மாற்றிக்கொண்டால் பல கடைகளில் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். ஆனால் உங்களுக்குத் தேவையில்லாத சரக்கை வாங்கி வைத்தால் அந்தக் கூடுதலால் என்ன பயன்? மாற்றும்போது இரண்டு பக்கத்துப் பொருளுக்கும் தனித்தனியே இந்த ஆறு கேள்விகளையும் கேளுங்கள். ஒரே கடையில் முடிவு செய்யாதீர்கள். "இன்னைக்கே கொடுத்தாத்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துகிறவரிடம் "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். எதிரில் இருப்பவருக்கு விலை தெரியவில்லை என்பதற்காக அவரை ஏய்த்து வாங்குவது கெட்டிக்காரத்தனம் ஆகாது. முக்கியமாக, அப்பாவின் பொருளை அப்பாவைக் கேட்காமல் மாற்றிவிடாதீர்கள்.

முடிவுரை

உண்மை தெரிந்த பிறகு நான் அந்தக் கடைக்குப் போனேன். பெட்டி அன்றைக்கே கைமாறிவிட்டது என்றார்கள். பிறகு அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் காசைப் பற்றிப் பேசவில்லை. "அந்த அட்டைப் பெட்டி உள்பக்கம் அவுங்க கையால பேரு எழுதியிருப்பாங்க சார். அத மட்டும் கிழிச்சு வச்சிருக்கலாம்" என்றார். நான் பேச வழியில்லாமல் நின்றேன். "போனது போகட்டும். மத்தவங்களுக்காச்சும் எடுத்துச் சொல்லுங்க" என்று காப்பி கலக்கிக் கொடுத்தார்.

ரால்ஃப் பேயரின் பழுப்புப் பெட்டி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு யாரும் விலை பேசுவதில்லை. நம் வீட்டிலும் சில பொருள்கள் அப்படிப்பட்டவை. நான் எழுதிய ஆறு கேள்விகளும் சந்தை விலையைச் சொல்லும். ஏழாவது கேள்வி ஒன்று உண்டு. "இது நம் வீட்டில் யாருடைய நினைவு?" என்பதே அது. அதை வீட்டாரைக் கூட்டி வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மற்ற ஆறையும் கேட்க வேண்டும்.

விற்பவர் நியாய விலைக்கு விற்கட்டும். வைத்திருப்பவர் பத்திரமாக வைத்திருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நானும் கற்றுக்கொள்கிறேன்.